ஒரு சாண் மாவட்டம்

வீடு வீடாய்ப் போய் மின் மீட்டர் பார்த்து
வெள்ளை அட்டையில் எண் எழுதுகிறவள் நான்.
கன்னங்குறிச்சியில் எந்த வீட்டில் எந்த நாய்,
எந்தக் கேட்டைத் தூக்கித் திறக்க வேண்டும்,
யார் மோர் தருவார், யார் ஜன்னல் வழியே பேசி அனுப்புவார்,
எல்லாம் தெரியும்.
உன்னைத்தான் தெரியவில்லை.

ஜி.ஹெச்சில் துணியில் சுற்றி உன்னை என் மேல் வைத்தபோது
பக்கத்துக் கட்டில் வாழப்பாடி வனிதாமணி
தன் பிள்ளையைப் பார்த்துக் கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தாள்.
நான் உன் காலில் கட்டியிருந்த சீட்டைப் படித்தேன்.
இரண்டு கிலோ எழுநூற்று நாற்பது.
ஏழு தெளிவாக இருக்கிறது என்று நினைத்தேன்.
அவ்வளவுதான் நினைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை இதை.
பூபதி ஸ்டீல் பிளான்ட் ஷிப்ட் முடிந்து வந்து
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவி
உன் உள்ளங்காலை முகர்ந்து சிரிக்கும்போதெல்லாம்
எனக்குள் மட்டும் ஏதோ பியூஸ் போயிருப்பதாய்ப் பயந்தேன்.

பயந்தால் எழுதுவேன், அது பழக்கம்.
எங்கள் வீட்டுப் பழைய வெள்ளை அட்டையின் பின்புறம்
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.
1.20, இடது, பதினெட்டு நிமிடம்.
2.50, வலது, கக்கினாள்.
4.05, இடது, மூன்றாவது துணி.
உன் முகத்தைவிட உன் கணக்கை அதிகம் பார்த்தேன்.
கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை.

நாற்பத்து நான்காம் இரவு
கரண்ட் போனது.
"அக்கா, எப்ப வரும்?" என்று தெருவே என்னிடம் கேட்டது,
ஏதோ என் முந்தானையில்
முடிந்து வைத்திருப்பதைப் போல.
கொசுவுக்குப் பயந்து உன்னைத் தூக்கிக்கொண்டு
மொட்டை மாடிக்குப் போனேன்.

எதிரே கரிய சேர்வராயன்.
ஏற்காட்டுச் சாலையில் ஒற்றை லாரி
வளைவுக்கு வளைவு தெரிந்து தெரிந்து மறைந்தது.
உனக்குக் காட்டலாம் என்று திருப்பினால்
நீ மலைப்பக்கம் பார்க்கவே இல்லை.
ஒரு சாண் தூரம்தான் உனக்குக் கண் எட்டும் என்று
நர்ஸ் சொன்னது அப்போதுதான் உறைத்தது.
ஒரு சாண்தான் உன் சேலம் மாவட்டம்.
அதில் ஏரியும் மலையும் நான்,
ஜங்ஷனும் நான், வியர்த்த கழுத்தும் நான்.

இருட்டு மூலை மீட்டர்களுக்காக வைத்திருக்கும் சின்ன டார்ச்சைச்
சுவர் பக்கம் திருப்பி அழுத்தினேன்.
குடிப்பதை நிறுத்திவிட்டு
பார்த்துக்கொண்டிருந்தாய்.
வாயோரம் பால் வழிய வழிய
அத்தனை நிதானமாய்,
ரீடிங் எடுக்கிறவளைப் போல.

பிறகு சொன்னாய்:
ங.

பள்ளிக்கூடத்தில் இந்த எழுத்தைப் பலகையில் பார்த்து
இது எந்தச் சொல்லுக்கு ஆகும் என்று கேட்டுத்
தலையில் குட்டு வாங்கியவள் நான்.
ஊரில் யாரும் எடுக்காமல் கிடந்ததை
நீ எடுத்துக்கொண்டாய்.
ங, என்றேன் நானும்.
நீ யோசித்தாய். இரண்டு காலும் உதைத்து யோசித்தாய்.
ங்ஙா.
ங்ஙாவா? அப்புறம்?
ங.
அடிப்பாவி, நீ இங்கேதான் இருந்தாயா இத்தனை நாளும்.

சிரித்தேனா அழுதேனா தெரியாது,
மார்பு இரண்டும் தானாய்ச் சுரந்து ஜாக்கெட் நனைந்தது.
கரண்ட் வந்து தெரு முழுக்க "ஓ" என்று கத்தியது.
எங்களுக்குப் பேச்சு முடியவில்லை.
லாரி எப்போது மலையேறி முடித்ததோ!

காலையில் பூபதி அட்டையைப் பார்த்தான்.
"ராத்திரி ரெண்டு கட்டம் காலியா இருக்கு. குடிச்சாளா?"
குடித்தாள், மணி பார்க்கவில்லை என்றேன்.
அதிசயமாய் என்னையே பார்த்தான்.
பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் பெரிதாக
ங என்று எழுதிக் கொடுத்தேன்.
"இது என்ன யூனிட்?" என்கிறான்.

இரு,
உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.